நஞ்சப்பன் சட்டம்

கட்டபெட்டு,
ஐப்பசி மாதம், பனி விலகாத ஒரு முற்பகல்.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும், என் மனைவியின் ஒரே தம்பியும், எங்கள் கல்யாண மேடையில் என் மடியில் உட்கார்ந்து மாலையைப் பிய்த்துத் தின்றவருமான மாப்பிள்ளை தரணிதரன் அவர்களுக்கு, மச்சான் நஞ்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். கொல்லையில் கேரட் நலம். எதிர்வீட்டுப் பாப்பம்மாளின் மாடு கன்று போட்டு, தாயும் சேயும் நலம். உங்கள் அக்காவின் நலத்தை அவளிடமே கேட்டு எழுதலாம் என்றால், அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆகவே அவள் நலமாக இருப்பதாக அனுமானித்து எழுதுகிறேன். காலையில் என் முன்னால் காப்பி டம்ளர் வந்து இறங்கும் ஓசையை வைத்துப் பார்த்தால், கை வலுவுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தங்களுடையவும், தங்கள் குடும்பத்தாருடையவும், தங்கள் நிலைப்பாட்டினுடையவும் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் போனை எடுக்கும் தம்பி, "அண்ணன் ஒரு முக்கியமான மீட்டிங்ல இருக்காருங்க" என்கிறார். அவருக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்கிறது. அது எந்த மாதிரிக் கூட்டம் என்று நான் கேட்பதில்லை. மேலும் இந்த வீட்டில் நான் போனில் பேசினால், பேசாமல் இருக்கும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். எனவே கடிதம். சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடுகளில் எழும் சத்தத்தை ஒழுங்குபடுத்துவதற்காகத் தாங்கள் கொண்டுவரப் போகும் மசோதாவைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். "எந்தம்பி அந்தச் சட்டத்த விடற வரைக்கும் உங்ககிட்ட நா ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள். உங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவள் ஒருத்திதான் என்பது தங்களுக்கும் தெரியும்.

இது எப்படித் தொடங்கியது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். மக்கள் பணியில் அது இயல்பு. சித்திரையில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தீர்கள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பேசுவதற்கு ஏதும் இல்லாமல் போகவே, நான் பக்கத்து வீட்டு தனசிங் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் அதை விடவில்லை. விடியற்காலையில் கொல்லையில் நின்று, முதலில் தொண்டையை அடிவரை காறுவார், பிறகு எதிரே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்பதாகப் பாவித்துக்கொண்டு "ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!" என்று முழங்குவார். பிள்ளைகள் சரியாகச் செய்யவில்லை என்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இதை நான் புகாராகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. மோர் வரும்வரை பேச்சு ஓட வேண்டுமே என்று சொன்னேன். தாங்கள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதுக்கு ஒரு சட்டத்தக் கொண்டாந்துட்டாப் போச்சுங்க மச்சா" என்றீர்கள். 'இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்குங்க' என்பதைப் போன்ற உபசார வார்த்தை என்று அதை எடுத்துக்கொண்டேன். ஆனாலும் படித்தவன் என்ற வழக்கத்தில், சத்தத்துக்கு ஏற்கனவே விதிகள் இருக்கின்றன, குடியிருப்புப் பகுதிக்கென்றே அளவுகூட வைத்திருக்கிறார்கள், அவற்றை அமல்படுத்தினாலே போதாதா என்று கேட்டேன். "இருக்கறத அமல்படுத்துனா அதுல எம்பேரு எங்கீங்க வரும்?" என்றீர்கள். அந்தப் பதிலில் இருக்கும் நியாயத்தை என்னால் இன்றுவரை மறுக்க முடியவில்லை.

அடுத்த வாரமே பேருந்து நிழற்குடைத் திறப்பு விழாவில் தாங்கள் பேசினீர்கள். ஒரு ஜீப்பின் மேல் நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கி. "வீட்டுக்குள்ளிருந்து கிளம்பும் சத்தத்தைச் சட்டத்தால் அடக்க வேண்டும் என்பதே என் அசைக்க முடியாத நிலைப்பாடு!" அந்த நிலைப்பாடு எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை அசைத்தது. தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பாப்பம்மாள் பால் ஊற்ற வந்தவள் செம்பைப் பிடித்துக்கொண்டே, "ஏனுங்க சார், உங்க மச்சினரு சத்தம் போடக் கூடாதுன்னு இத்தனை சத்தம் போடறாருங்களே, அது எங்களுக்குங்களா, அவிங்களுக்குங்களா?" என்று கேட்டாள். மசோதா வந்தால் விவரம் தெரியும் என்றேன். "வந்தா எங்களுக்குத்தானுங்க" என்று பால் ஊற்றிவிட்டுப் போனாள்.

பிறகு எங்கள் வீதியைத் தமிழகத்தின் முதல் 'அமைதி வீதி' என்று தாங்களே தேர்ந்தெடுத்தீர்கள். மசோதாவுக்கு முன்மாதிரி வேண்டும், மாதிரிக்கு ஒரு வீதி வேண்டும், வீதிக்கு ஒரு தலைவர் வேண்டும். சொந்தக்காரர் என்றால் எதிர்த்துப் பேசமாட்டார். தொடக்க விழாவில் வெடித்த சரவெடியின் தாளை நாங்கள் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறோம். செண்டை மேளம் கூடலூரிலிருந்து வந்தது. ஒலியளவைக் காட்டும் மீட்டரை வெள்ளித் தட்டில் வைத்து, பட்டுத் துணி மூடி, என் கையில் கொடுத்தீர்கள். நான் அதை முதன்முதலாக இயக்கியபோது தாங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். மீட்டர் ஒரு கணம் உச்ச எண்ணைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. பேட்டரி கோளாறு என்று நான் மேடையில் சொன்னது பொய். இதற்காகத் தாங்கள் எனக்குக் கடன்பட்டிருப்பதாக நினைக்க வேண்டாம், நினைத்தாலும் நல்லதே.

தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மாதிரி விதிகளை நான் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடியும் முன் மிக்சி ஓடக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். குக்கர் ஒரு வேளைக்கு மூன்று விசிலுக்கு மேல் விடக் கூடாது. இதை எழுதிய அதிகாரி சென்னையில் இருப்பவர் என்று விசிலை வைத்தே சொல்லிவிடலாம். சென்னையில் மூன்று விசிலில் குழைகிற துவரம்பருப்பு, இந்த உயரத்தில் மூன்று விசிலுக்குக் கண்ணைக்கூடத் திறப்பதில்லை. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், பருப்பு சாவகாசமாக வேகும். இங்கே அடுப்புப் பக்கம் போன எல்லோருக்கும் தெரிந்த செய்தி. விளைவாக எங்கள் வீதி முழுவதும் பல்லில் நெறுநெறுக்கும் சாம்பாரைச் சாப்பிட்டது. மூன்றாவது விசிலோடு அடுப்பை அணைத்துவிட்டு, ஆறியபின் மறுபடி வைத்து இன்னொரு மூன்று விசில் விடுவதாக ஜெஸிந்தா டீச்சர்மீது புகார் வந்தது. அவர் தனசிங் மாஸ்டரின் மனைவி. நேரில் போய் விசாரித்தேன். "இது ராத்திரிச் சாப்பாட்டுக்குங்க சார். ஒரு வேளைக்கு மூணுதானே? நா ரெண்டு வேளைக்குச் சேத்தி வெக்கறேன்" என்றார். சட்டத்தில் இதற்கு இடம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பாப்பம்மாளின் மாடு கன்று போட்ட நாள்முதல் கத்துகிறது, அதை என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டதற்கு, "நாஞ் சொன்னாக் கேக்கறதில்லீங் சார். நீங்கதான் தலைவரு, நீங்களே வந்து மாட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று தொழுவத்தின் கதவைத் திறந்துவிட்டாள். நான் போனேன். பேச்சுவார்த்தை தோல்வி.

தனசிங் மாஸ்டர் மட்டும் எதிர்ப்பே தெரிவிக்கவில்லை. அதே இடத்தில், அதே விடியலில் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எண்ணத் தொடங்கினார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் "ஒன், டூ" என்று துல்லியமாகப் புரியும். அவர் கத்தியபோது நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இப்போது, அவர் கத்தாமல் என்ன செய்கிறார் என்று எழுந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. தூக்கம் போனது அப்போதுதான். உங்கள் அக்காவிடமும் நான் சொல்லிவைத்தேன்: அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் குரல் கொடுக்காதே, வேண்டுமானால் வந்து சொல், தலைவர் வீடே விதியை மீறலாமா? அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து வாசியுங்கள். இந்த ஊரில் பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டால் யாரும் சும்மா நடப்பதில்லை. ஒருவர் கைபேசியில் பாட்டு வைத்துக்கொண்டு வருவார். ஒருவர் சாலையோர இரும்புத் தடுப்பைக் குடையால் தட்டிக்கொண்டே வருவார். துணைக்கு ஆள் இல்லாதவர் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு வருவார். காட்டெருமைக்கும் கரடிக்கும் 'வருகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புகிற முறை இது. அவையும் மரியாதை தெரிந்தவை, விலகிக்கொள்ளும். தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் தலைமை எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு இது தெரியாததல்ல. எஸ்டேட் சாலையில் நானே உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான், தலைவர் பதவி வந்ததும், இதைத் 'தேவையற்ற பாதசாரி ஒலி' என்று பெயரிட்டு, வீதியின் இரண்டு முனையிலும் பலகை வைத்துத் தடை செய்தேன். தங்கள் விதிகளில் அது இல்லை. என் சொந்தச் சேர்க்கை. கொஞ்சம் அதிகாரம் கையில் வந்தால் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது என்பதைத் தங்களிடம் விளக்க வேண்டியதில்லை.

முதலில் காட்டெருமை வந்தது. மாஸ்டர் உடற்பயிற்சி செய்யும் இடத்திலேயே நின்று, அவர் உதட்டை அசைப்பதைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. அவர் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "உங்கள் குரலுக்குத்தான் இத்தனை நாள் அது வராமல் இருந்திருக்கிறது" என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். "சார், நா கத்துனது கொலஸ்ட்ராலுக்குங்க. எருமைக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். அப்போதே நான் பலகையைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஆனால் மீட்டர் காட்டிய எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மகிழ்ச்சி பொல்லாதது.

தீபாவளிக்குத் தாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? உங்கள் அக்கா வெல்லப் பாகு காய்ச்சி, அதிரச மாவு பிசைந்து, பெரிய போசியில் அழுத்தி, நெய் ஊற்றி, துணி கட்டி வைத்திருந்தாள். தம்பிக்கென்று செய்தால் அவளுக்குக் கை தாராளமாகிவிடும். எனக்கு அதில் ஒரு விரல் நுனிகூடக் கிடைக்கவில்லை. ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் அவள் ஜெஸிந்தா டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீதியில் ஒரு இருமல் இல்லை. அப்போது மீட்டரில் எண் ஏறத் தொடங்கியது. அடுக்களையில் ஏதோ உருளுகிற ஓசை. பிறகு சப்புக்கொட்டுகிற ஓசை. உங்கள் அக்கா திரும்பி வந்து எனக்குத் தெரியாமல் அதிரச மாவைத் தின்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பிறகு வருந்தினேன், ஆனால் தாமதமாக. மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து போய், அடுக்களை வாசலில் நின்று, "ஷ்ஷ்… மெதுவா. அளவு தாண்டுது" என்றேன்.

சப்புக்கொட்டுவது நின்றது. நான் சொன்னதை ஒரே வார்த்தையில் கேட்டு நடந்த ஜீவன் இந்த வீதியிலேயே அதுதான். நிமிர்ந்து பார்த்தேன். அதுவும் பார்த்தது. முகமெல்லாம் மாவு, மார்பில் அந்த வெள்ளை வளையம், மடியில் போசி. தங்களுக்குரிய அதிரசத்தின் மேல் தங்களைவிட உரிமையோடு உட்கார்ந்திருந்தது அந்தக் கரடி. நான் எப்படிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. நிசப்தமாகப் போனேன் என்பது மட்டும் நிச்சயம். மீட்டரும் என்னோடுதான் இருந்தது.

கைபேசியை எடுத்தால் 'அமைதி வீதி' என்ற வாட்ஸாப் குழுவில் செய்திகள் குவிந்து கிடந்தன. நான்தான் விதிப்படி ஓசையை அணைத்து வைத்திருந்தேனே. தனசிங் மாஸ்டர் தன் ஜன்னலிலிருந்து எழுதியிருந்தார்: "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, தங்கள் கொல்லைக் கதவு வழியாகக் கரடி ஒன்று உள்ளே செல்வதைக் கண்டேன். அவசரத் தேவைக்கு விசில் ஊத அனுமதி வேண்டுகிறேன்." கீழே ஜெஸிந்தா டீச்சர்: "வழிமொழிகிறேன்." அதற்குக் கீழே பாப்பம்மாள், எழுதத் தெரியாததால் கிசுகிசுப்பாகப் பேசி அனுப்பியிருந்தாள்: "சார்… கரடிங் சார்… நாங்க கத்தலாமுங்களா சார்… சொன்னீங்கன்னாக் கத்திருவோமுங்க…" அவசரத்துக்குச் சத்தம் போட வேண்டுமானால் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி எழுதியவன் நான். என் வீதி மக்கள் சட்டத்தை மதிப்பவர்கள், மாப்பிள்ளை. அன்றைக்கு அவர்கள் மதித்த அளவுக்கு இந்த நாட்டில் எந்தச் சட்டத்தையும் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். "அனுமதி, அனுமதி, உடனே கத்துங்கள்" என்று அடித்து அனுப்பினேன். பனி இறங்கினால் இங்கே சிக்னல் கிடைக்காது. அந்தச் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் போசி உருண்டு வந்து நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது.

என்னைக் காப்பாற்றியது உங்கள் அக்கா. அவள் அந்த வாட்ஸாப் குழுவில் இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் எதற்கு என்று நான்தான் சேர்க்கவில்லை. அனுமதி கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாததால், டீச்சர் வீட்டுத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேரே வந்தாள். அந்தக் குரல் தங்களுக்குத் தெரியும். மைக் பழுதாகிவிட்டால் தாங்கள் பயன்படுத்துகிற அதே குரல், உங்கள் குடும்பச் சொத்து. "போ! போங்கறேன்ல! எந்தம்பிக்கு வெச்சிருந்ததத் தின்னுபோட்டு உக்காந்திருக்கறயா? எந்திரி!" என்று தட்டைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கரடி போசியைக் கவ்விக்கொண்டு கொல்லை வழியாகத் தேயிலைக்குள் இறங்கியது. என் கையிலிருந்த மீட்டர், தங்கள் தொடக்க விழாப் பேச்சுக்குப் பிறகு இரண்டாவது முறையாக, உச்ச எண்ணைக் காட்டிவிட்டு அணைந்தது.

நான் வெளியே வந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பழக்க தோஷம், "கொஞ்சம் மெதுவாத் தட்டியிருக்கலாம்" என்று வந்துவிட்டது. அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள், ஓசை வராமல். "நா வாயத் தொறந்ததுனாலதான் நீங்க உசுரோட நிக்கறீங்க. எத்தன நாளா அத மூடு, இத மூடுன்னீங்க? மூடிக்கறேனுங்க" என்றாள். அதற்கடுத்த வாக்கியம்தான் மேலே நான் எழுதியிருக்கும் தம்பி, சட்டம் பற்றிய வாக்கியம். அதுவே அவள் என்னோடு பேசிய கடைசி வாக்கியமும்.

மறுநாள் அதிசயமாகத் தாங்களே போனை எடுத்தீர்கள். கரடி வந்ததை மட்டும் நான் சொன்னபோது, "நிலைப்பாடுன்னா நிலைப்பாடுதானுங்க மச்சா. வேணும்னா கரடிக்கு ஒரு விலக்குச் சேத்திக்கலாம்" என்றீர்கள். கரடிக்கு விலக்குக் கிடைத்த செய்தி பரவியதும், கரடியைவிட நாங்கள் எதில் தாழ்ந்துவிட்டோம் என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு விலக்கு. சர்ச் விழாவுக்கு விலக்கு. தர்காக் கந்தூரிக்கு விலக்கு. கல்யாணம், காதுகுத்து, தேயிலை ஃபேக்டரி, கொண்டை ஊசி வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன் எல்லாவற்றுக்கும் விலக்கு. அரசியல் கூட்டத்துக்கு யாரும் கேட்காமலேயே விலக்கு. திருத்திய நகலை நான் முழுவதும் வாசித்துப் பார்த்தேன். இனி தண்டனைக்குரிய குற்றமாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: விசேஷம் இல்லாத நாளில், விலங்கு நுழையாத வீட்டில், ஓய்வுபெற்ற ஒருவன் தன் மனைவியோடு உரக்கப் பேசுவது. அந்த ஒரு குற்றத்தைச் செய்யத்தான் நான் இப்போது ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பாப்பம்மாளின் மாட்டோடு பேசுகிறாள். ரோஜாச் செடியோடு பேசுகிறாள். என்னிடம் உப்பு வேண்டுமா என்று கேட்க உப்பு ஜாடியைத் தூக்கிக் காட்டுகிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து பக்கத்து அறையில் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. விலைவாசி, உங்கள் வீட்டுச் சேதி, என் செருப்பு வாசலில் கிடக்கும் லட்சணம் என்று ஏதாவது ஒன்று. அதை நான் காதில் வாங்கியதாக யாராலும் சாட்சி சொல்ல முடியாது. இப்போது வீடு தங்கள் மசோதா கேட்கிற அளவைவிடக் கீழே இறங்கி நிற்கிறது, நான் பாதி வேலையில் எழுந்துபோய் அடுக்களை வாசலில் நிற்கிறேன். வனத்துறைக்காரர் வந்து, மாலையில் சத்தம் எழுப்பியபடி நடக்கவும் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார். என் பலகை அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வீதிக்காரர்கள் இரண்டையும் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மசோதாவின் நோக்கத்தை விளக்கும் முன்பக்கத்தில், 'கட்டபெட்டில் வசிக்கும் திரு. நஞ்சப்பன் என்னும் மூத்த குடிமகன் படும் துயரமே இச்சட்டத்தின் தூண்டுகோல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அதற்கு 'நஞ்சப்பன் சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாப்பம்மாள் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், ஒரு வார்த்தை இல்லை. சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு இங்கே வீடு கட்டியிருக்கிறேன். எஞ்சிய நாளை இவர்களோடுதான் கழிக்க வேண்டும். ஆகவே, மாப்பிள்ளை, மசோதாவைக் கைவிடுங்கள். கைவிட முடியாவிட்டால் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் உங்கள் அக்காவிடம் ஒரு முறை போனில் பேசி, என்னோடு பேசச் சொல்லுங்கள்.

தாங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த வாக்குகளும் பெற்று, அடுத்த தேர்தலிலும் அதற்கடுத்த நிலைப்பாட்டிலும் வெற்றி பெற வாழ்த்துகிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி. நாத்தனாரின் அன்பைத் தங்கள் இல்லத்தரசிக்கு நானே அனுமானித்துத் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மச்சான்,
ப. நஞ்சப்பன்,
தலைவர், அமைதி வீதி (ராஜினாமா செய்ய விருப்பம்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஜெஸிந்தா டீச்சர் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். நேற்று சட்டமன்றத்தில் தாங்கள் பேசியதைப் பார்த்தேன். "வீட்டுக்குள்ளே ஒருவர் இருமுவதையும் தும்முவதையும் அரசு எண்ணிக்கொண்டிருக்கலாமா? இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கட்டபெட்டிலிருந்து என் சொந்த மச்சான் நஞ்சப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். உறவா, ஊரா என்று யோசித்தேன். ஊர்தான் என்று முடிவெடுத்தேன்! இதுவே என் அசைக்க முடியாத நிலைப்பாடு!" உறுப்பினர்கள் மேசையைத் தட்டிய ஓசை கைபேசியிலேயே அளவைத் தாண்டியிருக்கும்.

மசோதா ஒழிந்தது என்று வீதிக்காரர்கள் சரவெடி வெடித்துக் கொண்டாடுகிறார்கள். சட்டமன்ற உறுப்பினரின் அக்கா வீடு என்ற மரியாதைக்காக, குழாய் ஒலிபெருக்கியை எங்கள் வாசலுக்கு எதிரே சில்வர் ஓக் மரத்தில் கட்டி, வாயை எங்கள் முன்னறைக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதில் தங்கள் பேச்சு திரும்பத் திரும்ப ஓடுகிறது. உங்கள் அக்கா பேசிவிட்டாள். முதல் வாக்கியம் மட்டும் கேட்டது: "ஏனுங்க, எந்தம்பிய இப்படியா கெஞ்சிச் சங்கடப்படுத்துவீங்க?" நான் பதில் சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் நிறையப் பேசியிருக்கிறாள் என்று உதட்டசைவில் தெரிகிறது. இப்போதும் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

ஆகவே மேலே எழுதியவற்றை எழுதாததாகக் கொண்டு, மசோதாவைத் தயவுசெய்து உடனே கொண்டுவரவும். முன்பக்கத்தில் என் பெயரையும் அப்படியே போட்டுவிடுங்கள். கெட்ட பெயர்தான் முன்கூட்டியே வந்துவிட்டதே, சட்டமாவது வந்து சேரட்டும்.